டாக்டர் ஹூ பார்க்க ஆசையா? நடுவிலிருந்து தொடங்குங்கள்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' இன்னும் முடியவில்லை. 1989க்கும் 2005க்கும் நடுவில் ஒரே ஒரு டிவி படத்தோடு சரி, நீண்ட இடைவெளி. அப்படியிருந்தும் எபிசோடுகள் எண்ணூறைத் தாண்டிவிட்டன. யாரோ சொல்லி, அல்லது ரீல்ஸில் ஒரு நீலப் பெட்டியைப் பார்த்து, ஆர்வமாகிற பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி: "முதல்லேர்ந்து பார்க்கணுமா?" எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டதும் வேறு தொடருக்குப் போய்விடுகிறார்கள்.

முதலிலிருந்து பார்க்க வேண்டாம். பார்க்கவே கூடாது என்றுகூடச் சொல்வேன். இந்தத் தொடரை எழுதிய விதமே வேறு. 1960களில் பிரிட்டனில் இதைப் பார்த்த பிள்ளைகளிடம் வீடியோ கிடையாது, மறு ஒளிபரப்பும் அபூர்வம். சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சி முடிந்ததும் வரும். அன்றைக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த எபிசோடு போனது போனதுதான். அதனால் எந்த வாரம் வந்து உட்கார்ந்தாலும் ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் கதை பிடிபட வேண்டும் என்று எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் பெரும்பாலும் இருக்கிறது. பிற்காலத்தில் டாக்டராகவே நடித்த டேவிட் டென்னன்ட் 1971இல் பிறந்தவர். மூன்று வயதில் இதைப் பார்த்துத்தான் நடிகராக வேண்டும் என்று முடிவெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்போது தொடருக்கே பத்து வயது கடந்துவிட்டது. நடு நிறுத்தத்தில் ஏறினாலும் ஊர் போய்ச் சேர்கிற பஸ் இது.

பார்க்கும் முன் தெரிய வேண்டியது

கொஞ்சம்தான். கதாநாயகனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் ஹூ என்பது தொடரின் பெயர். இதைவைத்து யாரையும் திருத்தப் போகாதீர்கள். பழைய எபிசோடுகளின் நடிகர் பட்டியலிலேயே 'டாக்டர் ஹூ' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அவர் மனிதர் இல்லை. காலிஃப்ரே என்ற கிரகத்து டைம் லார்ட், இரண்டு இதயம் உள்ளவர். அவருடைய வாகனம் டார்டிஸ், காலத்திலும் இடத்திலும் எங்கும் போகும். போகிற இடத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அது பழுதாகி, 1960களின் லண்டன் தெருக்களில் நின்ற நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியின் வடிவத்திலேயே மாட்டிக்கொண்டது. வெளியே சின்னது, உள்ளே பெரியது.

அப்புறம், டாக்டர் சாகப்போனால் அவர் உடம்பே புதிதாகிவிடும். முகம் மாறும், குரல் மாறும், குணமும் மாறும், நினைவுகள் மட்டும் அப்படியே இருக்கும். இது ஏதோ ஆழ்ந்த தத்துவத்தில் பிறந்த யோசனை இல்லை. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை 1966இல் மோசமாகிவிட்டது. நன்றாக ஓடுகிற தொடரை நிறுத்தவும் மனமில்லை. அதனால் கதைக்குள்ளேயே அவரை பேட்ரிக் ட்ரௌட்டனாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சமாளிப்புதான் தொடரை இத்தனை வருடம் காப்பாற்றி வருகிறது.

இவ்வளவு போதும். மீதி போகப் போகப் புரியும். பார்க்கும்போது ஒரு பெயரோ கிரகமோ புரியாவிட்டால் உடனே நிறுத்தி இணையத்தில் தேடாதீர்கள். ஒரு பெயரைத் தேடப்போய், மூன்று சீசன் தள்ளி யார் சாகிறார் என்பது வரை தெரிந்துகொண்டு திரும்புவீர்கள்.

முதல் எபிசோடு

பெரும்பாலான ரசிகர்கள் 2005இல் வந்த 'ரோஸ்' என்ற எபிசோடைக் கைகாட்டுவார்கள். நியாயம்தான். ரஸ்ஸல் டி டேவிஸ் தொடரை மீண்டும் உயிர்ப்பித்தது அதில்தான். லண்டன் துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் டைலர் என்ற பெண், இரவில் கடையின் அடித்தளத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். துணி போட்டு நிறுத்தியிருக்கும் பொம்மைகள் அசையத் தொடங்குகின்றன. சுவரோரம் ஒடுங்கியவளின் கையை யாரோ பிடிக்கிறார்கள். "ஓடு!" என்கிறார். டாக்டர் அவளிடம் சொல்லும் முதல் வார்த்தை அது. தொடர் முழுவதற்கும் அதுவே போதும்.

ஆனால் 2005இன் கிராஃபிக்ஸ் இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். அந்த எபிசோடில் ஒரு பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி ஆளை விழுங்கும் காட்சிக்கு நான் எந்த வக்காலத்தும் வாங்க மாட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என் தேர்வு 2010இல் வந்த 'தி இலெவன்த் ஹவர்'. அதில் டாக்டரே புதியவர், அவரோடு பயணிக்கும் தோழியும் புதியவள், எழுத்துப் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபட்டுக்கும் அதுதான் முதல் சீசன்.

ஏழு வயது அமீலியா கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள். மாதமோ ஈஸ்டர் மாதம். தொந்தரவுக்கு மன்னித்துவிடுங்கள், அவசரம், என் அறைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, ராத்திரியில் அதற்குள்ளிருந்து குரல் கேட்கிறது என்கிறாள். தோட்டத்தில் டமால் என்று டார்டிஸ் விழுகிறது. உள்ளேயிருந்து சொட்டச் சொட்ட நனைந்த ஒருவர் ஏறி வருகிறார். கிழிந்த சட்டை, புது உடம்பு, புது வாய். எது பிடிக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆப்பிள் கேட்கிறார், கடித்துத் துப்புகிறார். தயிர், பன்றி இறைச்சி, பீன்ஸ் என்று ஒவ்வொன்றாக அவள் எடுத்துவர, ஒவ்வொன்றையும் துப்புகிறார். வெண்ணெய் தடவிய ரொட்டி தட்டோடு வாசலுக்கு வெளியே பறக்கிறது. கடைசியில் பிடித்துப்போவது மீன் துண்டை கஸ்டர்டில் தோய்த்துத் தின்பது. இதுவரை வெறும் கோமாளித்தனம். அப்புறம் அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். பெட்டி விழுந்தது, அதற்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான், மீனும் கஸ்டர்டும் தின்கிறான், நீ கொஞ்சமும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறாய்; அப்படியானால் உன் சுவரில் இருக்கும் விரிசல் எவ்வளவு பயங்கரமாக இருக்க வேண்டும் என்கிறார். கோமாளி என்று நினைத்த ஆள் இவ்வளவு நேரமும் குழந்தையைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டர் யார் என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று டார்டிஸில் போகிறார். அவள் சின்னப் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு தோட்டத்தில் காத்திருக்கிறாள். அவர் திரும்பி வரும்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. மேலே சொல்ல மாட்டேன்.

இன்னும் புதிதாக வேண்டும் என்றால் 2023 கிறிஸ்துமஸுக்கு வந்த 'தி சர்ச் ஆன் ரூபி ரோடு', ஷூட்டி காட்வா டாக்டராக நடித்தது. அதற்கு அடுத்து வரும் 'ஸ்பேஸ் பேபீஸ்' சுமார்தான். அதை வைத்துத் தொடரை எடைபோடாதீர்கள்.

பேச்சு புரியவில்லையா?

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டென்னன்ட் மூச்சுவிடாமல் பேசுவார். இன்னொரு டாக்டரான பீட்டர் கபால்டியின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு பழக நாளாகும். 'ரோஸ்' எபிசோடில் டாக்டராக வரும் எக்கிள்ஸ்டனுடையது வட இங்கிலாந்துப் பேச்சு. "வேற்றுக்கிரகவாசி, வடக்கத்தி மாதிரி ஏன் பேசுகிறாய்?" என்று ரோஸே கேட்பாள். நிறையக் கிரகங்களில் வடக்கு இருக்கிறது என்பார்.

பயம்

பிரிட்டனில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த கதையைச் சொல்லாத ஆள் இல்லை. பயமுறுத்துவது இந்தத் தொடரின் வேலைகளில் ஒன்று. இதைப் பெற்றோர் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ரத்தம் அதிகம் இருக்காது. பயம் வேறு வழியில் வரும்.

2007இல் வந்த 'பிளிங்க்' நல்ல உதாரணம். அதில் டாக்டர் சில நிமிடங்கள்தான் வருகிறார். கண்ணை மூடி அழுவதுபோல் நிற்கும் கல் தேவதைகள்தான் வில்லன்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வெறும் சிலை. கண் சிமிட்டினால் நகரும். சாலி ஸ்பாரோ என்ற பெண் பாழடைந்த வீட்டில் சுவர்க் காகிதத்தை உரிக்கிறாள். அடியில் அவள் பெயரைச் சொல்லி, குனி, இப்போதே குனி என்று எழுதியிருக்கிறது. அவள் குனிகிறாள், ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் தலைக்கு மேலே பறக்கிறது. எழுதியது 1969இல். சிலைகள் நகர்வதை கேமரா ஒருமுறைகூட நமக்குக் காட்டாது. ஒரு காட்சியில் தூரத்தில் நிற்கும், அடுத்த காட்சியில் அருகில். தந்திரம் அவ்வளவுதான். 2008இல் இந்த எபிசோடுக்கு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது.

பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'பிளிங்க்', 'மிட்நைட்', முகமூடிக் குழந்தை வரும் 'தி எம்ப்டி சைல்டு' மூன்றையும் இரவில் போடாதீர்கள். பகலில், பக்கத்தில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருக்கும்போது பார்க்கட்டும். 'தி எம்ப்டி சைல்டு' இரண்டு பாகக் கதை. 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சுக்கு நடுவே லண்டனில் நடப்பது. பயப்படுகிறார்களே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தின் முடிவு அந்தப் பயத்தை முழுக்க எடுத்துவிடும். பாதியில் நிறுத்தினால்தான் தூக்கம் போகும்.

சீசன் ஒன்று, சீசன் ஒன்று, சீசன் ஒன்று

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இது. 1963இல் தொடங்கியது சீசன் 1. 2005இல் திரும்பி வந்தபோது எண்ணைப் புதிதாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். 2024இல் டிஸ்னி பிளஸ்ஸோடு சேர்ந்து எடுத்தபோது மறுபடி சீசன் 1 என்றார்கள். அதனால் சீசன் எண்ணை நம்பாதீர்கள், வருடத்தைப் பாருங்கள். ஒருவர் "சீசன் 5 பிரமாதம்" என்றால் எந்த டாக்டர் என்று கேளுங்கள். 2010 என்றால் மேட் ஸ்மித், 1967 என்றால் ட்ரௌட்டன்.

கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள் சில தளங்களில் சீசனோடு சேராமல் தனியாகக் கிடக்கும். டாக்டர் முகம் மாறுவது சிலமுறை அவற்றில்தான் நடக்கிறது. அவற்றைத் தவறவிட்டு அடுத்த சீசனைத் திறந்தால், யார் இந்தப் புது ஆள் என்று முழிக்க வேண்டியதுதான். எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு, வருடத்துக்கு வருடம் மாறுகிறது. உங்கள் ஊரில் இப்போது எதில் இருக்கிறது என்று தேடிக்கொள்ளுங்கள். தொடரின் அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் துண்டுக் காட்சிகள் நிறைய உண்டு. ருசி பார்க்க அது போதும்.

அடுத்து என்ன?

எந்த டாக்டரோடு நுழைந்தீர்களோ அவரை முழுதாகப் பார்த்து முடியுங்கள். அங்குமிங்கும் தாவாதீர்கள். அவர் போகும்போது கோபம் வரும். புது ஆள் பிடிக்காது, சட்டை பிடிக்காது, பேசுகிற விதம் பிடிக்காது. நான்கைந்து எபிசோடு பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குள் பழகிவிடும். பழகாவிட்டாலும் குற்றமில்லை, 'என் டாக்டர்' என்று ஒருவரைச் சொந்தம் கொண்டாடுவது இந்தத் தொடரின் ரசிகர்களிடம் அறுபது வருடமாக உள்ள வழக்கம். பீட்டர் கபால்டி 15 வயதில், 1974இல், இந்தத் தொடரைப் பற்றி 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய வாசகர் கடிதம் அச்சாகியிருக்கிறது. 2013இல் அவரே டாக்டரானார்.

நம் பக்கத்து வரலாறு வருகிற ஒரு எபிசோடையும் சொல்லிவிடுகிறேன். வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்', 2018, ஜோடி விட்டேகர் டாக்டராக நடித்த காலத்தது. தோழி யாஸ்மின் தன் பாட்டியின் இளமைக் காலத்தைப் பார்க்க 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். பிரிவினை நாள். முஸ்லிம் பெண்ணுக்கும் இந்து ஆணுக்கும் கல்யாணம். வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள்தான், ஆனால் பயப்பட வேண்டியது அவர்களைப் பார்த்து இல்லை. முன்கதை எதுவும் தேவையில்லை, தனியாகவே பார்க்கலாம். வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு எபிசோடு கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பழைய டாக்டர்கள்

புதிய தொடரில் இரண்டு மூன்று சீசன் முடித்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். 1963 முதல் 1989 வரையிலான தொடரில் ஒரு கதை பல பகுதிகளாக வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம், பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு பகுதிகள். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று பார்ப்பதற்காக எடுத்ததைச் சேர்ந்தாற்போல் பார்த்தால், ஒரே தாழ்வாரத்தில் திரும்பத் திரும்ப ஓடுகிறார்களே என்று சலிக்கும். நாளைக்கு ஒரு பகுதி போதும். ஒவ்வொரு பகுதியும் ஆபத்தான கட்டத்தில் முடியும். மறுநாள்வரை அது மனதில் கிடக்கட்டும்.

முதலில் 'சிட்டி ஆஃப் டெத்', 1979, நான்கு பகுதி. டாம் பேக்கர் டாக்டர். கழுத்தில் தரையைத் தொடுகிற பல நிற மஃப்ளர். பின்னித் தரச் சொல்லி நூலைக் கொடுத்தார்களாம். பின்னிய அம்மா கொடுத்த நூலையெல்லாம் தீர்த்துவிட்டார், அதனால் வந்த நீளம். கதை பாரிஸில் நடக்கிறது, உண்மையாகவே அங்கே போய் எடுத்தது. ஒரு பிரபுவின் நிலவறையில் ஆறு மோனாலிசா ஓவியங்கள், ஆறும் அசல். எழுத்தில் நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் கை இருப்பதால் சிரிக்காமல் பார்க்க முடியாது.

அடுத்து 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்', 1975, ஆறு பகுதி. டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகள் உருவாகும் முன்பே அவற்றை அழிக்க டாக்டருக்கு ஒரு வாய்ப்பு வருகிறது. இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று கேட்டபடி நிற்கிறார். செட்டைப் பார்த்தால் மலிவுதான். அந்தக் காட்சியில் அது கண்ணில் படாது.

டாலெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புமிளகு டப்பா மாதிரி இருக்கும் அந்த உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக், பிபிசியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கதை எழுதிய டெர்ரி நேஷன் அதன் உரிமையால் பணக்காரரானார். கியூசிக்குக் கிடைத்தது நூறு பவுண்டு சன்மானம். இன்றைக்கும் எரிச்சல் வருகிற கணக்கு இது. அந்த உருவம் இல்லையென்றால் தொடர் இரண்டு வருடம் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

அப்புறம்தான் 1963இன் முதல் எபிசோடு, 'ஆன் அனர்த்லி சைல்டு'. இப்போது பார்த்தால் அதன் அருமை தெரியும். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், 24. ஒருமுறை எடுத்ததை மேலதிகாரி சிட்னி நியூமன் ஏற்காததால் மறுபடி எடுத்தார்கள். ஒளிபரப்பான நாளுக்கு முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டார். உலகமே அந்தச் செய்தியில் இருந்ததால் அடுத்த வாரம் அதே எபிசோடை மறுபடி போட்டுவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். பார்க்கும்போது ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். தொடக்க இசையை ரான் கிரெய்னர் எழுதினார், ஆனால் அதை ஒலியாக்கியவர் பிபிசி ஒலிப்பட்டறையில் இருந்த டெலியா டெர்பிஷயர். சிந்தசைசர் கிடையாது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார். டார்டிஸ் கிளம்பும் அந்த இழுவைச் சத்தம், பழைய பியானோவின் தடித்த கம்பிகளில் வீட்டுச் சாவியை வைத்து பிரையன் ஹாட்ஜ்சன் தேய்த்தது. இன்றைய எபிசோடிலும் அந்தச் சத்தம்தான் வருகிறது.

1960களின் கதைகளைத் தேடும்போது சில பகுதிகளில் படத்துக்குப் பதில் அனிமேஷன் வந்தால் குழம்ப வேண்டாம். டேப்பை மறுபடி பயன்படுத்தவும் இடம் மிச்சம் பிடிக்கவும் பிபிசி பழைய பதிவுகளை அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இல்லை. ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. காரணம், அன்றைக்கு டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள், அதிலும் பலர் பள்ளிப் பிள்ளைகள். 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது பகுதிகள் கிடைத்ததாக அறிவித்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அது தலைப்புச் செய்தி.

தள்ளிவைக்க வேண்டியவை

1984 மார்ச்சில் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' முடிந்தது, அடுத்த வாரமே 'தி ட்வின் டிலெம்மா' தொடங்கியது. 2009இல் 'டாக்டர் ஹூ மேகசின்' வாசகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில், அதுவரை வந்த 200 கதைகளில் முதல் இடம் முன்னதற்கு, கடைசி இடம் பின்னதற்கு. இந்தத் தொடரின் தரம் அப்படித்தான் ஏறி இறங்கும். பிடிக்காத எபிசோடை பத்து நிமிடத்தில் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஒன்றும் குறையாது.

கிளைத்தொடர்களில் 'டார்ச்வுட்' பெரியவர்களுக்கானது. பெயரைப் பார்த்துச் சிறியவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். 'தி சாரா ஜேன் அட்வென்சர்ஸ்' நேர் எதிர். எட்டு வயதுத் தம்பி தங்கைக்குக்கூடத் தாராளமாகப் போடலாம்.

கடைசியாக, 2025 சீசனை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். கேரளத்தில் பிறந்த வரதா சேது அதில் பெலிண்டா சந்திரா என்ற நர்ஸாக வருகிறார் என்பதற்காகவே பலருக்கு ஆசை இருக்கும். தாராளமாகப் பாருங்கள், ஆனால் அதன் இறுதி எபிசோடை மட்டும் விட்டுவையுங்கள். டாக்டர் முகம் மாறும் அந்தக் கடைசி நிமிடத்தில் யார் முகம் வருகிறது என்பது, 2005, 2006 சீசன்களைப் பார்த்தவர்களைத்தான் தூக்கிவாரிப்போடும். அந்த இரண்டையும் முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.